மலேரியாக் கிருமியும் பெங்களூர் ஆராய்ச்சியும்

முறைக்காய்ச்சல் என்று நம் முன்னோர் அறிந்த மலேரியாவின் வரலாற்றில் பெங்களூருக்கு இருமுறை இடமுண்டு. 1883-ஆம் ஆண்டில் இந்நகரில் இராணுவ மருத்துவராக இருந்த ரொனால்டு ராஸ், தேங்கிய நீரை அகற்றினால் கொசுக்கள் குறைவதைக் கண்டார். கொசுவின் வயிற்றில் அக்கிருமியை அவர் கண்டது 1897-இல், செகந்திராபாத்தில். இரண்டாம் நிகழ்ச்சி, 1909-இல் நிறுவப்பெற்ற இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சார்ந்தது. அதனையே ஈண்டுக் காண்போம்.

மலேரியாக் கிருமி நம் குருதியின் சிவப்பணுவினுள் புகுந்து, அங்குள்ள ஹீமோகுளோபினை உண்டு வளர்வது. அது பலவாகப் பெருக வேண்டுமாயின் புரதங்கள் ஏராளமாக உற்பத்தியாக வேண்டும். அவ்வுற்பத்தியைத் தொடங்கி வைப்பதற்கென்றே ஒரு காரணி உண்டு. அக்காரணியின்மீது பாஸ்பேட் ஏறிவிட்டால் உற்பத்தி தடைப்படும். அவ்வாறு ஏறாமல் காப்பது எது?

நமிதா சுரோலியாவும், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற கோவிந்தராஜன் பத்மநாபனும் 1991-இல் இதற்கு ஒரு விடை கண்டனர். கிருமிகளினின்று எடுத்த சாற்றில், இரும்பணுவைத் தாங்கிய ஹீம் என்னும் பொருளைச் சேர்த்ததும் புரத உற்பத்தி பெருகிற்று. குளோரோகுயினைச் சேர்த்ததும் தளர்ந்தது. அம்மருந்து பட்ட கிருமிகளில் தொடக்கக் காரணியின்மீது பாஸ்பேட் மிகுதியாக ஏறியிருந்தது. ஹீமைச் சேர்த்தபோது அது குறைந்தது. மருந்து கிருமியைத் தாக்கும் முதற்படிகளுள் இஃது ஒன்று என அவர்கள் கருதினர்.

ஹீமோகுளோபினை உண்டு வாழும் கிருமி, தனக்கென ஹீமைத் தானே ஆக்கிக்கொள்ளவும் வல்லது என்பதை 1992-இல் அவர்கள் காட்டினர். அவ்வழியை அடைத்தால் கிருமி மடியும் என்ற நம்பிக்கை பிறந்தது. இதன் அருமை எளிதில் விளங்கும். 1973-இல் அஸ்ஸாமில் குளோரோகுயினுக்கு அடங்காத கிருமிகள் தோன்றிவிட்டன. புதிய மருந்துக்குப் புதிய இலக்கு வேண்டியிருந்தது.

ஆயினும் அந்நம்பிக்கையைச் சோதித்தவர்களும் பத்மநாபன் குழுவினரே. எலிகளைத் தாக்கும் மலேரியாக் கிருமியில் ஹீம் ஆக்கும் மரபணுக்களை நீக்கிப் பார்த்து, 2013-இல் முடிவை வெளியிட்டனர். குருதியில் அக்கிருமி பிழைத்தது. எலியின் ஹீமே அதற்குப் போதுமாயிற்று. கொசுவின் உடலிலும் ஈரலிலும் மட்டும் அதன் வளர்ச்சி நின்றது. குளோரோகுயினின் தலையாய செயல் வேறு என்றும் இன்று அறிஞர் பலர் கொள்வர்: ஹீமோகுளோபினை உண்டபின் எஞ்சும் ஹீம் நஞ்சாகாதவாறு கிருமி அதனைப் படிகமாக்கும், அதனை அம்மருந்து தடுத்துவிடும்.

நாம் விழுங்கிய கசப்பு மாத்திரையொன்றின் பின்னே இத்துணை நீண்ட வினாக்கள் உள்ளன. தாம் கண்ட விடையைத் தாமே மீண்டும் உரைத்துப் பார்த்ததே அவ்வாராய்ச்சியாளரின் பெருமை எனலாம்.