பேரீச்சம்பழத்துக்குப் போடாத கம்ப்யூட்டர்



மலர்க் குழுவினர் சரித்திரக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று கேட்டார்கள். ராஜாக்களைப் பற்றி எழுத நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் ஒரு கம்ப்யூட்டரின் சரித்திரத்தைச் சொல்கிறேன். 1981-இல் பிறந்தது. 1990-களில் அதன் தயாரிப்பு நின்றது. செய்து விற்ற கம்பெனியே பிறகு கலைந்துபோயிற்று. ஆனால் கம்ப்யூட்டர் மட்டும் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓட வைப்பது கம்பெனியும் இல்லை, அரசாங்கமும் இல்லை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் சால்டரிங் அயர்னைக் கையில் எடுக்கும் ஆர்வலர்கள்தாம்.

அதன் பெயர் பி.பி.சி. மைக்ரோ. பிறந்த ஊர் இங்கிலாந்தில் உள்ள கேம்பிரிட்ஜ்.

1980-களின் ஆரம்பத்தில் பிரிட்டனில் கம்ப்யூட்டரைப் பற்றி ஜனங்களுக்கு ஆசையும் இருந்தது, பயமும் இருந்தது. பி.பி.சி. நிறுவனம் டெலிவிஷன் மூலம் எல்லோருக்கும் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கத் திட்டமிட்டது. நிகழ்ச்சியைப் பார்க்கிறவர்கள் வீட்டில் செய்து பார்க்க ஒரு மெஷினும் வேண்டும் அல்லவா? ஹெர்மன் ஹௌசரும் கிறிஸ் கரியும் 1978-இல் தொடங்கிய ஏகார்ன் என்ற சின்னக் கம்பெனி போட்டியில் இறங்கியது. அதனிடம் இருந்ததோ காகிதத்தில் அரைகுறையாக ஒரு வடிவமைப்பு மட்டும். அதை ஒரே வாரத்தில் ஓடும் மெஷினாகக் காட்ட வேண்டும்.

ஹௌசர் ஒரு தந்திரம் செய்தார். ஸோஃபி வில்சனிடம் "ஸ்டீவ் ஃபர்பர் முடியும் என்கிறார்" என்று சொன்னார். ஃபர்பரிடம் போய் "வில்சன் முடியும் என்கிறார்" என்று சொன்னார். நம்ம ஊர்க் கல்யாணத் தரகர் வேலைதான்! இருவரும் ராப்பகலாக உட்கார்ந்தார்கள். பி.பி.சி.க்காரர்கள் பார்க்க வந்த வெள்ளிக்கிழமை, அவர்கள் வருவதற்குச் சில மணி நேரம் முன்னால்தான் மெஷினுக்கு உயிர் வந்தது. ஒப்பந்தம் ஏகார்னுக்குக் கிடைத்தது. 1981 டிசம்பரில் விற்பனை ஆரம்பம், 1982 ஜனவரியில் டெலிவிஷன் தொடர் ஆரம்பம். மொத்தமாகச் சுமார் 12,000 மெஷின் விற்கும் என்பது பி.பி.சி.யின் கணக்கு. கடைசியில் விற்றது 15 லட்சத்துக்கும் மேல்!

சரி, உள்ளே என்ன இருந்தது? 2 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் 6502 பிராசஸர். "பி" மாடலில் 32 கிலோபைட் நினைவகம். இன்று நம் செல்போனில் எடுக்கும் 3 மெகாபைட் போட்டோ ஒன்றை வைக்க இப்படிப்பட்ட நூறு மெஷின் வேண்டும். புரோகிராமைச் சாதாரண ஆடியோ கேசட்டில் சேமிப்பார்கள். 20 கிலோபைட் ஏற மூன்று நிமிஷம் "கிரீச்" என்ற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

ஆனால் அதில் ஒளிவு மறைவு கிடையாது. சுவிட்சைப் போட்டவுடன் "என்ன செய்யணும், சொல்லு" என்பதுபோல பேசிக் மொழி தயாராக நிற்கும். வில்சன் எழுதிய அந்த பேசிக்கின் உள்ளேயே அசெம்பிளி மொழியும் எழுதலாம். மூடியைத் திறந்தால் முக்கியமான சிப்கள் பலவும் சாக்கெட்டில் செருகியிருக்கும். கழற்றலாம், மாற்றலாம். வெளியே விதவிதமான இணைப்பு வாய்கள். அவற்றில் "ட்யூப்" என்று ஒன்று. அதன் வழியாக இன்னொரு பிராசஸரையே கொண்டுவந்து மாட்டலாம். சர்க்யூட் படமும் கிடைக்கும். பொறுமை இருந்தால் ஒரு தனி மனிதன் இந்த மெஷினை முழுவதுமாகப் புரிந்துகொண்டுவிட முடியும். அது இன்றுவரை பிழைத்திருப்பதற்கு முதல் காரணம் இதுதான் என்பது என் எண்ணம்.

இந்த மெஷின் நம் நாட்டுக்கும் வந்தது. 1984-85-இல் மத்திய அரசு பள்ளிகளில் கம்ப்யூட்டர் கல்விக்காக "கிளாஸ்" என்ற சோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. அதற்குத் தேர்ந்தெடுத்தது பி.பி.சி. மைக்ரோவைத்தான். சுமார் 12,000 மெஷின்கள் மாநில அரசுகள் மூலம் பள்ளிகளுக்குப் போயின. பி.பி.சி. ஆரம்பத்தில் பிரிட்டன் முழுவதற்கும் போட்ட கணக்கே அவ்வளவுதான்! சண்டிகர் பக்கம் மொஹாலியில் இருந்த அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ், "எஸ்.சி.எல். யூனிகார்ன்" என்ற பெயரில் இதை இந்தியாவிலேயே தயாரித்தது. அந்தக் காலத்தில் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு ஏ.சி. அறைக்குள் போய் கம்ப்யூட்டரைத் தரிசித்தவர்களுக்கு இதெல்லாம் ஞாபகம் இருக்கும்.

இனி ஆர்வலர்கள் விஷயத்துக்கு வருவோம். நாற்பது வயதைத் தாண்டிய மெஷினுக்கு என்னென்ன வியாதி வரும்? முதல் வியாதி பவர் சப்ளையில். அதில் உள்ள சில கெபாசிட்டர்களின் பிளாஸ்டிக் உறை காலப்போக்கில் விரிசல் விட்டு ஈரத்தை உறிஞ்சும். பல வருஷம் பரணில் கிடந்த மெஷினை ஆசையாக எடுத்து சுவிட்ச் போட்டால், திடீரென்று புகையும் நாற்றமும் கிளம்பி வீடே அலறும். அதனால் பழைய மெஷின் கைக்கு வந்தால் முதலில் அந்தக் கெபாசிட்டர்களை மாற்று, அப்புறம் கரண்ட் கொடு என்பது ஆர்வலர்களுக்கு வேதவாக்கு.

அடுத்தது, இந்த மெஷினுக்கென்றே செய்த சில சிப்கள். அவை போனால் கடையில் கிடைக்காது. ஆர்வலர்கள் விடவில்லை. திரைக்கு வண்ணம் தரும் சிப்புக்குப் பதிலாகப் புதிதாக ஒன்றை வடிவமைத்தார்கள். பழைய வேலையை அப்படியே செய்யும், கூடவே 4,096 வண்ணங்களிலிருந்து தேர்ந்தெடுக்கவும் விடும். ஃப்ளாப்பி டிரைவ் தேய்ந்துபோனால் அதன் இடத்தில் மெமரி கார்டு. கேசட்டில் பூஞ்சை பிடிப்பதற்குள் அதன் சத்தத்தைப் பதிவு செய்து, அதிலிருந்து புரோகிராமை மீட்கிறார்கள். பழைய கையேடுகளைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து வைக்கிறார்கள். செல்லரிக்கும் முன்னால் பழைய ஓலையைப் பார்த்துப் புது ஓலையில் எழுதிவைத்தார்களே நம் முன்னோர்கள், அதே வேலைதான்.

இவர்கள் செய்ததில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒன்று உண்டு. 1980-களின் நடுவில் ஏகார்ன் கம்பெனியில் வில்சனும் ஃபர்பரும் புதிதாக ஒரு பிராசஸரை வடிவமைத்தார்கள். அதன் மாதிரியை வில்சன் பி.பி.சி. பேசிக்கில்தான் எழுதிப் பார்த்தார். 1985 ஏப்ரல் 26 அன்று முதல் சிப் வந்து சேர்ந்தது. அதை பி.பி.சி. மைக்ரோவில் இரண்டாவது பிராசஸராக மாட்டி ஓட்டினார்கள். அதுதான் ஆர்ம். இன்று உலகத்தில் ஏறக்குறைய எல்லா செல்போனிலும் இருப்பது அந்தக் குடும்பத்து வாரிசுதான்.

அதே ஆர்ம் குடும்பத்து பிராசஸரை வைத்து 2012-இல் கேம்பிரிட்ஜில் ராஸ்பெரி பை என்ற மலிவு கம்ப்யூட்டர் வந்தது. அதன் மாடல்களுக்கு "ஏ", "பி" என்று பெயர் வைத்தது பி.பி.சி. மைக்ரோவின் நினைவாகத்தான். ஆர்வலர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அந்த ராஸ்பெரி பையைப் பழைய மைக்ரோவின் ட்யூப் வாயில் மாட்டி, இரண்டாவது பிராசஸராக ஓட வைத்துவிட்டார்கள். வெளியூரில் பெரிய உத்தியோகத்தில் இருக்கும் பேரன், பொங்கலுக்கு வந்து பாட்டியின் வீட்டில் தண்ணீர் சேந்திக் கொடுத்ததுபோல!

"இதெல்லாம் வேலையில்லாதவர்கள் விளையாட்டு. பழசைக் கட்டிக்கொண்டு அழுவதில் என்ன லாபம்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அவர்களுக்கு ஒரு சம்பவத்தைப் பதிலாகச் சொல்கிறேன்.

1086-இல் இங்கிலாந்து மன்னர் வில்லியம் நாட்டின் நிலபுலன்களையெல்லாம் கணக்கெடுக்கச் செய்தார். அது "டூம்ஸ்டே புத்தகம்" எனப்படும். அதன் 900-ஆவது ஆண்டைக் கொண்டாட, 1986-இல் பி.பி.சி. ஒரு புது டூம்ஸ்டே தயாரித்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் உள்பட சுமார் பத்து லட்சம் பேர் தங்கள் ஊரைப் பற்றி எழுதியும் படம் எடுத்தும் கொடுத்தார்கள். அத்தனையையும் இரண்டு பெரிய லேசர் தட்டுகளில் பதிந்தார்கள். அதைப் படிக்க மைக்ரோவின் தம்பியான பி.பி.சி. மாஸ்டர் கம்ப்யூட்டரும், தனி வகையான லேசர் தட்டு பிளேயரும் வேண்டும். விலை அதிகம், விற்றது குறைவு. பதினாறு வருஷம்கூட ஆகவில்லை, தட்டு இருந்தும் படிக்க மெஷின் கிடைப்பது அபூர்வமாகிவிட்டது. 1086-இல் தோலில் எழுதிய புத்தகத்தைப் படிக்க இன்றும் கண்ணும் லத்தீனும் போதும்!

2002-இல் லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகங்களின் கூட்டு ஆராய்ச்சிக் குழு ஒன்று, அந்தப் பழைய கம்ப்யூட்டர்போல நடிக்கும் மென்பொருள் ஒன்றை எழுதி, தட்டில் இருந்ததை மறுபடி படிக்க வைத்தது. 2011-இல் ஊர்க்காரர்கள் எழுதிய பகுதியை பி.பி.சி. இணையத்தில் வெளியிட்டது. பிறகு ஆர்வலர்கள், தட்டின் மேல் லேசர் ஓடும்போது வரும் மூல சிக்னலையே அப்படியே பிடித்துச் சேமிக்கும் ஒரு கருவியையும் செய்தார்கள். ஓடுகிற மெஷினும் அதன் குணம் தெரிந்த ஆட்களும் மிஞ்சியிருந்ததால்தான் இந்த மீட்பு சாத்தியமாயிற்று. இரண்டில் ஒன்று இல்லாதிருந்தால் பத்து லட்சம் பேருடைய உழைப்பு இரண்டு வெள்ளித் தட்டாகச் சுவரில் தொங்கியிருக்கும்.

இது கிழவர்கள் சங்கம் மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். இங்கிலாந்தின் பிளெட்ச்லி பார்க்கில் உள்ள தேசியக் கம்ப்யூட்டிங் அருங்காட்சியகத்தில் பி.பி.சி. மைக்ரோக்களை வரிசையாக வைத்த வகுப்பறை ஒன்று இருக்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் பூட்டிவைக்கவில்லை. பள்ளிப் பிள்ளைகள் உட்கார்ந்து தட்டிப் பார்க்கலாம். 1984-இல் டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் இந்த மெஷினுக்காக எழுதிய "எலைட்" என்ற விண்வெளி விளையாட்டின் மூல நிரலை ஆர்வலர் ஒருவர் வரி வரியாக விளக்கி உரை எழுதியிருக்கிறார். பரிமேலழகர் உரைபோல என்று வைத்துக்கொள்ளுங்களேன். 32 கிலோபைட்டுக்குள் ஒரு பிரபஞ்சத்தை எப்படி அடக்கினார்கள் என்று இன்றைய மாணவர்கள் அதைப் படித்துக் கற்றுக்கொள்ளலாம். நினைவகம் போதவில்லை என்றால் இன்னொன்று வாங்கி மாட்டு என்று பழகிய தலைமுறைக்கு இது நல்ல மருந்து.

தம்பி தங்கைகளே, நீங்கள் நான்கு வருஷத்தில் பல மென்பொருள்களைப் பயன்படுத்தக் கற்றுக்கொள்வீர்கள். ஆனால் ஒரு மெஷினைச் சுவிட்சிலிருந்து திரை வரைக்கும் முழுசாக அறிந்துகொண்டோம் என்ற திருப்தி இன்றைய கம்ப்யூட்டரில் கிடைப்பது கஷ்டம். ஒரே ஒரு பழைய மெஷினையாவது திறந்து பாருங்கள். மெஷின் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. பி.பி.சி. மைக்ரோபோல நடிக்கும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

முன்னாள் மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களில் ஆசிரியர்கள் இருக்கிறீர்கள், தலைமை ஆசிரியர்களாகி ஓய்வு பெற்றவர்களும் இருக்கிறீர்கள். உங்கள் பள்ளியின் ஸ்டோர் ரூமில், உடைந்த பெஞ்சுகளுக்கு அடியில், "யூனிகார்ன்" என்றோ "பி.பி.சி." என்றோ எழுதிய பெட்டி கண்ணில் பட்டால் காயலான் கடைக்கு அனுப்பிவிடாதீர்கள். உடனே சுவிட்சையும் போட்டுவிடாதீர்கள்! பவர் சப்ளையைத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். கூடவே கிடக்கும் கேசட், ஃப்ளாப்பி, கையேடு எதையும் தூக்கிப் போட வேண்டாம். மாணவர்களும் ஆசிரியர்களும் அன்று எழுதிய புரோகிராம் எதுவும் அதில் இருக்கலாம். அதற்கு வேறு பிரதி உலகத்தில் எங்கும் இருக்காது.

நம் கல்லூரி லேபில் ஓர் ஓரமாக ஒரு மேஜை போதும். மெஷினைத் திறக்கத் தெரிந்த நாம் இருக்கும்போதே, அடுத்தவர்களுக்குத் திறந்து காட்டிவிடுவோம்.