நுங்கம்பாக்கத்து மழைமானியும் வாக்கரின் கணக்கும்

1913-ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் மதராஸ் துறைமுகத்துக்கு கில்பர்ட் வாக்கர் என்ற ஆங்கிலேயர் வந்தார். துறைமுகப் பொறுப்புக்கழகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அவரிடம் ஓர் எழுத்தரின் கணக்குகளைக் காட்டினார். அந்த எழுத்தர் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் இருந்த ராமானுஜன். பிப்ரவரி 26-ஆம் நாள் வாக்கர் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதினார். மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. நம்மில் பலருக்கு வாக்கர் இந்த ஒரு காட்சியில் வந்து மறைபவர். ஆனால் இந்திய வானிலைத் துறையின் தலைவரான அவர் அக்காலத்தில் சுமந்து திரிந்த புதிரும் நம் ஊரைத் தொடுவதுதான்.

1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு, மழை பொய்க்குமா என்பதை முன்கூட்டி அறிவது உயிர் காக்கும் கேள்வியாயிற்று. இமயப் பனி மிகுந்தால் பருவமழை குறையும் என்ற எண்ணத்தில் பிளான்போர்டு 1880களில் முன்னறிவிப்பைத் தொடங்கினார். 1899-இல் மழை பொய்த்தபோது அம்முறையின் மீதிருந்த நம்பிக்கையும் குலைந்தது. 1904-இல் பொறுப்பேற்ற வாக்கர் கணித வல்லுநர். வானிலையியல் பயின்றவர் அல்லர். காரணம் புரியாவிட்டாலும் எண்களைப் பேசவைக்கலாம் என்று அவர் துணிந்தார். இந்திய எழுத்தர்கள் பலர் அமர்ந்து, உலகெங்குமிருந்து வந்த அழுத்த, மழை, வெப்பப் பதிவுகளை மழையோடு இணைத்துக் கணக்கிட்டனர்.

அவர் கையிலெடுத்த கருவிகள் இரண்டு. ஒட்டுறவு என்பது இரு அளவுகள் எந்த அளவுக்குச் சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்பதை -1 முதல் +1 வரையிலான ஓர் எண்ணால் சொல்வது. அதில் எது காரணம், எது விளைவு என்ற பேதமில்லை. தொடர்புப்போக்கு என்பது ஒன்றைக்கொண்டு மற்றொன்று எவ்வளவு இருக்கும் என மதிப்பிடுவது. அங்கே எதை முன்னறிய விரும்புகிறோம் என்று முதலிலேயே முடிவு செய்தாக வேண்டும். இமயப் பனி, மொரிஷியஸ் அழுத்தம், தென் அமெரிக்க அழுத்தம், சான்சிபார் மழை ஆகிய நான்கையும் ஒரே சமன்பாட்டில் சேர்த்து வாக்கர் மழையை மதிப்பிட்டார். நான்கும் ஒன்றோடொன்று உறவுடையவையாக இருக்கலாம். தனித்தனியே பார்த்தால் ஒரே செய்தியை இருமுறை எண்ணிவிட நேரும். சேர்த்துக் கணக்கிட்டதற்கு இதுவே நியாயம்.

அவருடைய பெருமையாக நாம் கருதுவது 1914-இல் எழுதிய ஓர் எச்சரிக்கையை. நூற்றுக்கணக்கான ஒட்டுறவுகளைக் கணக்கிட்டு அவற்றில் மிகப் பெரியதைப் பொறுக்கினால், அது தற்செயலாகவே பெரிதாக இருக்கக்கூடும். இருபதில் ஒரு முறை தற்செயலாய் நேரக்கூடிய ஒன்றை, இருபது இடங்களில் தேடினால் ஓரிடத்தில் காண்பதில் வியப்பில்லை. ஆகவே தேடிய இடங்கள் கூடக்கூட நம்புவதற்கான அளவுகோலும் உயரவேண்டும் என்றார். ஆயினும் அவருடைய காரணிகளில் பல பிந்திய பத்தாண்டுகளில் வலுவிழந்தன.

கருவியைத் தேர்வதற்கு முன்பே கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: யாருடைய மழை? 1918-இல் நாட்டின் தென்மேற்குப் பருவமழை ஏறத்தாழக் கால் பங்கு குறைந்தது, பெரும் வறட்சி. அதே ஆண்டு நவம்பரில் மதராஸில் 1,088 மி.மீ. பெய்தது. நுங்கம்பாக்கத்தில் 1792-இல் அமைந்த வானாய்வு நிலையத்தின் நெடிய பதிவு மரபில் அது இன்றும் தனித்து நிற்கும் மாதம். நம் நகரின் மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில் வருவது. வாக்கர் தென்கடல் ஊசலாட்டம் என்று பெயரிட்ட அழுத்த ஏற்ற இறக்கம் எல் நினோவோடு இணைந்தது என்பது 1960களில் தெளிவாயிற்று. எல் நினோ ஆண்டுகளில் தென்மேற்கு மழை குறையும் போக்கும், தமிழகத்தின் வடகிழக்கு மழை கூடும் போக்கும் உண்டு. ஒரே காரணிதான், நாட்டுக்குக் குறியீடு கழித்தல், நமக்குக் கூட்டல். இரண்டையும் ஒரே ஆண்டு மழையாகக் கூட்டிப் பார்த்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். 1941-இல் வி. துரைசாமி ஐயர் தென் மதராஸின் வடகிழக்கு மழையைத் தனிப்பொருளாக எடுத்து எழுதியது இதனாலேயே பொருளுடையது.

2015-இல் இது மீண்டும் நடந்தது. நாட்டில் பருவமழை 14 சதவீதம் குறைவு. சென்னையில் நவம்பரில் 1,049 மி.மீ. டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு கரைகடந்து சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் வீடுகளுக்குள் புகுந்தது. அதுவும் வலுவான எல் நினோ ஆண்டு. இங்கே நிறுத்திக்கொண்டால் கதை அழகாக முடியும். ஆனால் 2021 நவம்பரிலும் நகரில் ஆயிரம் மி.மீ. கடந்தது, அது எல் நினோவுக்கு நேரெதிரான லா நினா ஆண்டு. 2005 அக்டோபரில் 1,078 மி.மீ. பெய்தபோது இரண்டில் எதுவும் வலுவாக இல்லை. ஒட்டுறவு ஒரு சாய்வைச் சொல்லுமே தவிர, ஒரு வங்கக்கடல் தாழ்வு எந்த நாளில் எந்தத் தெருவை நனைக்கும் என்று சொல்லாது.

கருவி பெரிதானால் மட்டும் போதாது என்பதற்கு 2002 சான்று. 1988 முதல் பயன்பட்ட பதினாறு காரணிகள் கொண்ட சமன்பாடு அவ்வாண்டு 101 சதவீத மழை என்றது, பெய்தது 81. மறு ஆண்டே காரணிகள் குறைக்கப்பட்டன.

இனி எந்த ஆண்டிலேனும் எல் நினோ என்ற சொல் செய்தியில் வரும்போது, அது பஞ்சத்தின் செய்தியா வெள்ளத்தின் செய்தியா என்று அடையாற்றங்கரையில் இருப்பவர்கள் கேட்கட்டும். விடை, எந்த மாதத்து மழையை, எந்த ஊரின் மழையைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. துறைமுகத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தைப் புரட்டி அதன் மதிப்பை உணர்ந்த அந்த மனிதர், தம் எண்களையும் அப்படித்தான் சந்தேகித்தும் மதித்தும் வாசித்தார்.