டன்ஸ்: ஒரு மேதையின் பேர் வசவான கதை

இங்கிலீஷில் மக்குப் பையனுக்கு 'டன்ஸ்' என்று ஒரு பழைய பேர் உண்டு. கூம்புத் தொப்பி மாட்டி வகுப்பு மூலையில் நிற்க வைப்பார்களே, அவனேதான். இது எங்கிருந்து வந்ததுன்னு தேடிப் போனால், கடைசியில் ஒரு பெரிய படிப்பாளியிடம் போய் நிற்கிறது!

ஜான் டன்ஸ் ஸ்காட்டஸ். 1266 வாக்கில் ஸ்காட்லாந்தில் டன்ஸ் என்ற ஊரில் பிறந்த பிரான்சிஸ்கன் துறவி. ஆக்ஸ்போர்டிலும் பாரிஸிலும் பாடம் சொன்னவர். 'நுட்பமான ஆசான்' என்றே பட்டம். அச்சு அசலாக ஒரே மாதிரி இரண்டு பொருள் இருந்தால், இதை 'இது'வாகவும் அதை 'அது'வாகவும் ஆக்குவது எதுன்னு உட்கார்ந்து யோசிச்ச ஆள். 1308ல் ஜெர்மனியின் கொலோன் நகரில் இறந்தார்.

இருநூறு வருஷத்துக்கு மேல் அவர் எழுத்து மாணவர்களுக்குப் பாடமாக இருந்தது. 16ஆம் நூற்றாண்டில் புதுப் படிப்புக்காரர்கள் வந்தார்கள். கிரேக்கம் படி, மூல நூலைப் படி, இந்தத் தர்க்கமெல்லாம் எதுக்கு என்றார்கள். டன்ஸின் ஆட்கள் மசியவில்லை. விளைவு, 'டன்ஸ்' என்றால் முதலில் குதர்க்கம் பேசுறவன், அப்புறம் ஏட்டுச் சுரைக்காய், கடைசியில் சுத்த மக்கு. எதிராளி வைத்த பேரே நின்னுபோச்சு.

1535ல் எட்டாம் ஹென்றியின் அரசு பல்கலைக்கழகங்களைச் 'சீர்திருத்த' ஆள் அனுப்பியது. ஆக்ஸ்போர்டுக்குப் போன ரிச்சர்ட் லேட்டன், மந்திரி தாமஸ் கிராம்வெல்லுக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. டன்ஸின் ஏடுகள் கக்கூஸ்களில் ஆணியடித்துத் தொங்கவிடப்பட்டிருந்ததைக் கண்ணால் பார்த்ததாகச் சொல்கிறார். நியூ காலேஜ் முற்றம் முழுக்கக் கிழிந்த தாள்கள், காற்றில் மூலைக்கு மூலை பறக்கின்றன. பக்கத்து மாவட்டத்துக் கனவான் ஒருத்தர் அதைப் பொறுக்கிக்கொண்டிருக்கிறார். படிக்க இல்லைங்க. காட்டை விட்டு மான் வெளியே ஓடாமல் இருக்க, பயமுறுத்துற தோரணமாகக் கட்ட! இதையெல்லாம் லேட்டன் வருத்தப்பட்டு எழுதவில்லை, சாதனையாக எழுதுகிறார்.

கூம்புத் தொப்பியை டன்ஸே சிபாரிசு செய்தார், அறிவு அதன் வழியே தலைக்குள் இறங்கும்னு நம்பினார் என்று ஒரு கதை நெட்டில் சுற்றுகிறது. நான் நம்பவில்லை. அந்தத் தொப்பி டிக்கன்ஸ் நாவலில் தலைகாட்டுவதே 1840ல்தான்.

மாதாவின் அமல உற்பவத்துக்காக டன்ஸ் வைத்த வாதத்தை அன்றைக்குப் பெரிய இறையியலாளர்கள் பலர் ஏற்கவில்லை. அந்தக் கொள்கையை 1854ல் கத்தோலிக்கத் திருச்சபை விசுவாசக் கோட்பாடாகவே அறிவித்தது. 1993ல் போப் இரண்டாம் ஜான் பால் டன்ஸுக்கு அருளாளர் பட்டமும் கொடுத்தார்.