மாலையின் விலையும் ஏட்டின் மதிப்பும்

காரைக்காலிலிருந்து கடலோரமாக வடக்கே சென்று, தரங்கம்பாடியைக் கடந்தால், காவிரி கடலொடு கலக்கும் பூம்புகார் வரும். இக்கரை நெடுகிலும் பண்டு வணிகர் வாழ்ந்தனர். கலம் ஏறிச் சென்றவரும், பொன் கொண்டு மீண்டவரும், கடலில் பொருளை இழந்தவரும் இங்கு உண்டு. விலை பேசத் தெரிந்த மக்களின் நிலம் இது. கலைக்கு விலை உண்டா என்ற வினாவைத் தமிழில் கூர்மையாக எழுப்பிய காப்பியமும் இக்கரையின் கதையாகவே அமைந்தது.

சமணத் துறவியெனப் பலராலும் போற்றப்படும் இளங்கோவடிகள், சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மாதவியின் ஆடலைக் காட்டுகிறார். ஐந்தாம் அகவையில் தொடங்கி ஏழாண்டுகள் பயின்றவள் அவள். ஆடலாசான், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமை ஆசிரியன், குழலோன், யாழாசிரியன் என ஒவ்வொருவரின் இலக்கணமும் அங்கே விரித்துரைக்கப்படுகிறது. அரங்கின் அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல் என்று அளவும் தரப்படுகிறது. ஆடல் முடிந்ததும் சோழ மன்னன் தலைக்கோல் பட்டமும் பச்சை மாலையும் அளிக்கிறான். 1,008 கழஞ்சு பொன் பெறும் அம்மாலையைக் கூனி ஒருத்தி நகர நம்பியர் திரியும் தெருவில் நின்று விலை கூறுகிறாள். கோவலன் வாங்குகிறான். மாலையோடு மாதவியும் அவனுக்கு உரியவளாகிறாள்.

இங்கே கருதத்தக்கது ஒன்று உண்டு. காதையின் பெரும்பகுதி கலைக்கும் அதன் இலக்கணத்திற்கும் உரியது. விலைக்கு உரியவை சில அடிகளே. அச்சில அடிகளிலிருந்துதான் மூவர் வாழ்வின் துயரமும் தொடங்குகிறது. அடிகள் இதனை விளக்கிச் சொல்லவில்லை. நிகழ்ச்சிகளை அடுத்தடுத்து வைத்ததோடு நிறுத்திக்கொண்டார்.

காரைக்காலும் அத்தகைய வணிக நகரே. அவ்வூர்த் தனதத்தன் பெருவணிகன். அவன் மருமகன் பரமதத்தன் கலம் ஏறிக் கடல் வாணிகம் செய்தவன் என்று பெரியபுராணம் கூறும். அக்குடும்பத்தின் செல்வம் போன இடம் தெரியாது. அவ்வீட்டு மகள் புனிதவதியார் பாடிய நான்கு நூல்களோ பதினோராம் திருமுறையில் இன்றும் உள்ளன. நெறி வேறாயினும், வணிகக் குடியினராகிய நம்மவர் எண்ணிப் பார்க்க வேண்டிய வரலாறு இது.

பாடியவர் மறைந்தபின் பாட்டு தானே நிலைப்பதில்லை. பனையோலைக்கு ஆயுள் குறைவு. நெய்தலும் மருதமும் கலந்த இந்த ஈர நிலத்தில் கறையானும் செல்லும் அதனை மேலும் குறைக்கும். எனவே சில தலைமுறைகளுக்கு ஒருமுறை எவரேனும் அமர்ந்து முழு நூலையும் மீண்டும் எழுத வேண்டும். ஓலையைப் பதப்படுத்தி, எழுத்தாணியால் கீறி, எழுத்து விளங்க மை தடவ வேண்டும். புள்ளியிட்டால் ஓலை கிழியுமென்று மெய்யெழுத்துகளுக்குப் புள்ளியிடுவதில்லை. குறில் நெடில் கொம்புகளுக்கும் வேறுபாடு இல்லை. ஆதலால் பொருள் அறியாதவன் பிழையின்றிப் படியெடுத்தல் அரிது. இவ்வுழைப்புக்குக் கிடைத்த கூலியைக் கணக்கிட்டால், ஒரு காப்பியமும் நம் கைக்கு வந்திராது.

சமணம் இதற்கு ஒரு வழி கண்டது. உணவு, மருந்து, அடைக்கலம் ஆகியவற்றோடு நூலையும் நான்கு தானங்களுள் ஒன்றாக வைத்தது. பசித்தவனுக்குச் சோறும் கற்பவனுக்கு ஏடும் ஒரே வரிசையில் நிற்கின்றன. பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் கன்னட நாட்டு அத்திமப்பை என்னும் சமணப் பெருமாட்டி, பொன்னரின் சாந்திபுராணத்தை ஆயிரம் படிகள் எழுதுவித்து வழங்கினார். அச்சுப்பொறி இல்லாத காலத்தில் ஆயிரம் படிகள்!

காவிரிக்கரையில் மேற்கே உள்ள கும்பகோணத்தில் இத்தானத்தின் பயன் 1880ஆம் ஆண்டு வெளிப்பட்டது. அவ்வாண்டு உ. வே. சாமிநாதையர் அவ்வூர்க் கல்லூரியில் ஐம்பது ரூபாய்ச் சம்பளத்தில் தமிழாசிரியரானார். அக்டோபர் 21ஆம் நாள், அங்கு முன்சீப்பாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தார். ஐயர் தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் அடுக்கிக் கூறினார். முதலியார் அவற்றில் மனம் கொள்ளவில்லை. சீவகசிந்தாமணியைப் படித்ததுண்டா என்றே கேட்டார். ஐயர் அந்நூலைக் கண்டதும் இல்லை.

ஏடு கிடைத்தபின்னும் சமணக் கொள்கைகள் விளங்காமல் ஐயர் இடர்ப்பட்டார். அப்போதுதான் அவ்வூர்ச் சமண இல்லங்களை நாடினார். ஒருநாள் ஒரு வீட்டில் மாக்கோலமும் தோரணமும் கண்டு காரணம் கேட்டார். ஆறு திங்களாகப் படித்துவந்த சிந்தாமணி அன்று நிறைவுற்றது என்றனர். புலவருலகம் மறந்த ஒரு காப்பியம், அதே ஊரில் சில தெருக்களுக்கு அப்பால், குடும்பத் தலைவரும் சுற்றத்தாரும் கூடிப் படிக்கும் நூலாக வாழ்ந்துகொண்டிருந்தது! ஐயர் வியந்ததில் வியப்பில்லை. அந்நூலை இயற்றிய திருத்தக்கதேவர் பொருள் வேண்டாத துறவி. படித்தவர்க்கும் அதனால் ஒரு காசு வரவில்லை. துறவி ஒருவர் இன்பச்சுவை மிகப் பாடிய அந்த ‘மணநூலை’ இல்லறத்தார் வழிபாட்டு நூலாகக் காத்தனர்.

ஏழாண்டு உழைப்பின்பின் 1887இல் நச்சினார்க்கினியர் உரையுடன் சிந்தாமணி அச்சேறியது. தாளுக்கும் அச்சுக்கூலிக்கும் ஐயர் கையொப்பம் திரட்டவேண்டியிருந்தது. சைவர் சமண நூலைப் பதிப்பிப்பதா என்ற முணுமுணுப்பையும் கேட்டார். அவ்வேழாண்டுகளின் கணக்கை வரவு செலவாக எழுதினால் இழப்பென்றே முடியும். ஆனால் அப்பதிப்புக்குப் பின்னரே 1892இல் சிலப்பதிகாரமும் 1898இல் மணிமேகலையும் அவர் கையால் வெளிவந்தன. பிற்காலத்தில், 1936இல், பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் நீலகேசியை உரையுடன் பதிப்பித்தார். அவர் நம் சமுதாயத்தவர்.

எல்லா நூல்களுக்கும் இந்த நற்பேறு வாய்க்கவில்லை. ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாகிய வளையாபதி சமணக் காப்பியம். எங்கோ, எப்போதோ, அதனைப் படியெடுப்பார் இல்லாமற் போயினர். இன்று கிடைப்பவை புறத்திரட்டிலும் உரைகளிலும் எடுத்தாளப்பட்ட ஏறத்தாழ எழுபது செய்யுள்களே. அதன் கதை எது என்று அறிய, பிற்கால வைசிய புராணத்தில் வரும் புகார் வணிகன் ஒருவனின் கதையையே அறிஞர் சிலர் காட்டுகின்றனர். அவன் பெயர் நவகோடி நாராயணன். அவனுடைய ஒன்பது கோடியின் தொகை அவன் பெயரிலேயே இருக்கிறது. அவனைப் பாடியதாகக் கருதப்படும் காப்பியத்தின் ஆசிரியர் பெயர்கூட நமக்குத் தெரியவில்லை.