புதுச்சேரி மருத்துவக் கல்வியும் ஆய்வுக் கட்டுரையும்

புதுச்சேரியில் ஐரோப்பிய மருத்துவக் கல்வி 1823இல் பிரெஞ்சு ஆட்சியில் தொடங்கியது. ‘எகோல் து மெத்சீன்’ எனப்பட்ட அந்தப் பள்ளி உள்ளூர் மருத்துவர்களைப் பழக்குவதற்காக ஏற்பட்டது. ஊரின் நோய்களையும் மூலிகைகளையும் பற்றி அச்சில் எழுதியவர்கள் பெரும்பாலும் பிரெஞ்சுக் கடற்படையின் மருத்துவர்களும் மருந்தாளர்களும்தான்.

அவர்களில் ழூல் லெப்பீன் என்ற மருந்தாளரின் எழுத்து தனித்துச் சொல்லத்தக்கது. மொரீஷியஸில் தொழுநோய்க்கு வல்லாரையைக் கொடுத்துப் பார்த்த செய்தி பரவியிருந்த காலம் அது. புதுச்சேரியிலிருந்த லெப்பீன் அந்தக் கீரையைப் பகுத்தாய்ந்து 1855இல் முடிவை வெளியிட்டார். கிடைத்த எண்ணெய் போன்ற பொருளுக்கு ‘வெல்லரின்’ என்று பெயரிட்டார். வல்லாரை என்ற தமிழ்ச் சொல் அப்படிப் பிரெஞ்சு மருந்தியலுக்குள் போய்ச் சேர்ந்தது. பெயர் நிலைக்கவில்லை. வல்லாரையின் முக்கியச் சேர்மமாக இன்று அறியப்படும் ஆசியாட்டிகோசைடு 1941இல்தான் பிரித்தெடுக்கப்பட்டது. ஆனாலும் பதவி உயர்வுக்குக் கட்டுரைக் கணக்கு காட்ட வேண்டியிராத காலத்தில், கண்டதைச் சொல்வதற்காக எழுதப்பட்ட கட்டுரை அது.

1954இல் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. இரண்டு ஆண்டுகளில் பழைய பள்ளி தன்வந்திரி மருத்துவக் கல்லூரி ஆயிற்று. 1964 ஜூலை 13இல் அது ஜவாஹர்லால் பட்டமேற்படிப்பு மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் என்று பெயர் மாறியது. கோரிமேட்டில் புது வளாகம் எழுந்தது. ஊருக்கு அது ‘ஜிப்மர்’. ஆராய்ச்சி என்ற சொல் பெயர்ப்பலகையிலேயே ஏறியது அப்போதுதான். 2008இல் நாடாளுமன்றச் சட்டம் அதைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக்கியது.

முதுநிலைப் பயிற்சியில் ஆய்வுக்கான வாசல் தீசிஸ். எம்.டி., எம்.எஸ். சேரும் ரெசிடென்ட் முதலாண்டிலேயே ஒரு பேராசிரியரைக் ‘கைடு’ ஆகக் கொண்டு தலைப்பைப் பதிவு செய்கிறார். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெற்று, வார்டு வேலைக்கும் இரவுப் பணிக்கும் இடையே தரவு சேர்க்கிறார். இறுதித் தேர்வுக்கு முன் தீசிஸைச் சமர்ப்பிக்கிறார். பெரும்பாலான தீசிஸ்கள் நூலக அலமாரியோடு நின்றுவிடும். சில மட்டும் இதழ்க் கட்டுரையாகும். அப்போதுதான் யார் பெயர் முதலில் என்ற கேள்வி எழும். உழைத்தவர் மாணவர், கேள்வியை வகுத்தவர் கைடு என்பதால் அது எளிதில் தீராது.

கட்டுரைகளை வாங்கி வெளியிடும் வேலையும் இந்த ஊரில் நடந்தது. ஜிப்மர் மருந்தியல் பேராசிரியர் ஆர். ரவீந்திரன் 2010இல் மருந்தியல், மருந்துச் சிகிச்சைக்கென ஓர் இதழைத் தொடங்கினார். நுண்ணுயிரியல் பேராசிரியர் சுபாஷ் சந்திர பரிஜாவின் முயற்சியில் ‘டிராப்பிக்கல் பாராசைட்டாலஜி’ 2011இல் வந்தது.

இதற்குச் சற்று முன்பே இந்திய மருத்துவக் கவுன்சில் விதியை மாற்றியிருந்தது. 2009 திருத்தத்துக்குப் பின் மருத்துவக் கல்லூரிகளில் இணைப் பேராசிரியராகவும் பேராசிரியராகவும் உயர, குறிப்பிட்ட எண்ணிக்கையில் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும். ‘பேப்பர் போடுவது’ தொழில் நிர்ப்பந்தமாயிற்று. காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் நாடெங்கும் பெருகியதற்கு இந்த விதியும் ஒரு காரணம். 2015 சுற்றறிக்கை பிடியை இறுக்கியது: முதல் இரண்டு ஆசிரியர்களுக்கு மட்டுமே கணக்கு, இணையத்தில் மட்டும் வரும் இதழ்கள் செல்லாது. உலக இதழ்கள் காகிதத்தை விட்டு விலகிக்கொண்டிருந்த நேரத்தில் இது விசித்திரமான முடிவு.

விதி விளைவித்தது என்ன என்பதற்கு 2016இல் சமீரன் நுண்டியும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட கணக்கு ஓரளவு பதில் தருகிறது. 2005 முதல் 2014 வரை இந்தியாவின் 579 மருத்துவ நிறுவனங்களில் 332 ஒரு கட்டுரைகூட வெளியிடவில்லை. ஆண்டுக்கு நூற்றுக்கு மேல் வெளியிட்டவை 25 மட்டுமே. மொத்தக் கட்டுரைகளில் சுமார் 40 சதவீதம் அவற்றிலிருந்தே வந்தது.

2020 திருத்தத்தில் முதல் மூன்று ஆசிரியர்களுக்கும், இதழோடு கடிதத் தொடர்பு வைத்திருக்கும் ஆசிரியருக்கும் கணக்கு உண்டு என்றாயிற்று. ஆசிரியர்கள் உயிர்மருத்துவ ஆய்வின் அடிப்படைப் படிப்பை முடிக்கவும் வேண்டும். முதுநிலை மாணவர்களுக்கும் உரிய இந்தப் படிப்பைச் சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் நடத்துகிறது. பாடங்கள் முழுக்க இணையத்தில்தான்.