மாவலி: கூலியில்லாத மாதத்தின் மத்தாப்பு

ஆரணி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு நினைவுக்கு வரும். ஒன்று பட்டு, இன்னொன்று அரிசி. நெசவுத் தெருவில் பிறந்து வளர்ந்த என் வயதுக்காரர்களுக்கு மூன்றாவதாக ஒன்றும் உண்டு. அது கார்த்திகை மாதத்து மாவலி. அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்து செய்த விளையாட்டுப் பொருள் எங்கள் தெருவில் அது ஒன்றுதான். ஏன் அது மட்டும், ஏன் அந்த மாதத்தில் மட்டும் என்று யோசித்தால், எங்கள் ஊர் நெசவாளிகள் பிழைத்த கதையே அதற்குள் இருக்கிறது.

கார்த்திகை விளக்கு மிகப் பழையது. அகநானூற்றின் 141-ஆம் பாடலில் நக்கீரர் அதைச் சொல்கிறார். ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் பாடிய மயிலாப்பூர்ப் பூம்பாவைப் பதிகத்திலும் விளக்கீடு வருகிறது. இன்று எல்லோருக்கும் தெரிந்தது 2,668 அடி உயர அண்ணாமலையின் உச்சியில் மாலை 6 மணிக்கு ஏற்றப்படும் மகாதீபம். மலையில் தீபம் ஏறியதும் வீட்டு வாசலில் பெண்கள் அகல் வைப்பார்கள். கோயில் முன்னால் ஊரார் பனையோலை கட்டிச் சொக்கப்பனை கொளுத்துவார்கள். அப்பனுக்கும் பிள்ளைக்கும் உரிய பங்கு மாவலி சுற்றுவது. சில ஊர்களில் இதைக் கார்த்திகைப் பொறி என்றும் சொல்வார்கள்.

நெசவுத் தெருவின் ஆண்டுக் கணக்கைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆடி வெள்ளிக்குப் படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போவோம். தை மாதம் காணும் பொங்கலுக்குக் கமண்டல நாகநதி மணலில் கட்டுச்சோறு. ஆனால் இவை ஒரு நாள் கூத்து. மறுநாள் விடிந்தால் அப்பா தறிக்குழியில் காலை இறக்கிவிடுவார். ஆவணியும் புரட்டாசியும் தீபாவளிப் புடவைக்கான மாதங்கள். விளக்கு வைத்தும் நெய்வார்கள். அம்மா ராட்டையில் தார் சுற்றுவாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையும் ஏதோ ஒரு வேலைக்கு உட்கார வேண்டும்.

தீபாவளி முடிந்து வடகிழக்குப் பருவமழை வலுத்ததும் தறி மந்தமாகும். எங்களுடையது குழித்தறி. தரையில் பள்ளம் தோண்டி, அதற்குள் மிதிகட்டைகள் இருக்கும். மழைக்காலத்தில் அந்தப் பள்ளத்தில் நீர் ஊறும். காற்றில் ஈரம் ஏறினால் இழை சொன்னபடி கேட்காது. தெருவில் நீளமாகப் பாவை விரித்துக் கஞ்சி தடவி உலர்த்த வெயில் வேண்டும், அதுவும் இருக்காது. பாவு ஏறாவிட்டால் தறி ஓடாது, தறி ஓடாவிட்டால் கூலி கிடையாது.

ஆகவே அப்பாவுக்குக் கிடைத்த அந்த ஓய்வை விடுமுறை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அரிசிக்கு முன்பணம் வாங்க வேண்டும். தை மாதத்துக் கூலியில் அதைக் கழிப்பார்கள். பல வீடுகளில் அந்த முன்பணம் அடுத்த மழைக்காலம் வரை தீராது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். தீபாவளிப் பட்டாசுக்கு எப்படியோ ஒன்றிரண்டு ரூபாய் வந்துவிடும். கார்த்திகைக்கு ஒரு காசும் மிஞ்சாது.

மாவலிக்குக் காசே வேண்டாம். வேண்டியது நாலைந்து நாள் பொழுது. அந்த மாதத்தில் அப்பாவிடம் இருந்தது அது ஒன்றுதான்.

செய்முறை இதுதான். ஏரிக்கரைப் பனைமரங்களில் ஆண் பனையின் அடியில், காய்ந்து உதிர்ந்த பூக்கதிர்கள் கிடக்கும். அவற்றைப் பொறுக்கி வருவது பிள்ளைகள் வேலை. மழையில் நனைந்திருந்தால் அடுப்படியில் வைத்துக் காய விட வேண்டும். பிறகு கொல்லையில் சின்னக் குழி வெட்டி, கதிர்களை அடுக்கிக் கொளுத்த வேண்டும். இது அப்பா வேலை. சுவாலை அடங்கித் தணலாகும் அந்த நேரம் பார்த்து மண்ணைத் தள்ளி மூட வேண்டும். முந்தினால் கதிர் பாதி வெந்து நிற்கும். பிந்தினால் எல்லாம் சாம்பல். "மூடுடா, மூடுடா!" என்று அப்பா கத்த, நாங்கள் இரண்டு கையாலும் மண்ணைத் தள்ளுவோம்.

மறுநாள் குழியைத் திறந்தால் கரி கதிர் கதிராக அப்படியே இருக்கும். அதைக் கல்லில் வைத்து மாவாக இடிக்க வேண்டும். அம்மா அம்மியைத் தரமாட்டாள். பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து, கரித்தூளை உள்ளே வைத்து, ஒரு சாண் நீளத்துக்குச் சுருட்டி, நூலால் இறுக்கிக் கட்ட வேண்டும். பருத்திதான் வேண்டும். பட்டு மயிரைப் போலக் கருகி நாறும், நின்று கனியாது. நெசவாளி வீட்டில் கழிவு நூலுக்குப் பஞ்சமில்லை. நாளெல்லாம் அறுந்த இழையை முடிந்து பழகிய கை அப்பாவுடையது. அவர் போட்ட முடிச்சு எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் அவிழாது.

கடைசியில் பச்சைப் பனை மட்டையை மூன்றாகப் பிளந்து, நடுவில் அந்தப் பொதியை வைத்துக் கட்டி, மறுமுனையில் மூன்று முழக் கயிறு. பொதியின் நுனியில் ஒரு தணல் வைத்து ஊதிவிட்டு, கயிற்றைப் பிடித்துத் தலைக்கு மேல் சுற்றினால், வட்டமாகப் பொன் பொறி கொட்டும். சுற்றச் சுற்றக் காற்றுப் பட்டுக் கரி கனிகிறது. சுழலும் வேகத்தில் கரித்துகள்கள் எரிந்துகொண்டே வெளியே தெறிக்கின்றன. வெடிமருந்தும் இல்லை, சத்தமும் இல்லை. அந்தக் காலத்தில் தெருவில் கூரை வீடுகள் அதிகம் என்பதால் ஏரி மேட்டுக்குப் போய்த்தான் சுற்றுவோம். "மாவலியோ மாவலி" என்று கூவுவதில் அப்பாக்களின் குரல்தான் ஓங்கிக் கேட்கும்.

இதில் கவனிக்க வேண்டியது, பிள்ளை தனியாக இதைச் செய்ய முடியாது என்பது. நெருப்பும் பனை மட்டையும் பெரியவர் கையில்தான் இருக்க முடியும். பெரியவர் தனக்காக இதைச் செய்யவும் மாட்டார். ஆண்டு முழுதும் அப்பாவும் பிள்ளையும் ஒரே கூரைக்குள், ஒரே தறிக்குப் பக்கத்தில்தான் இருந்தோம். ஆனால் அங்கே அவர் வேலைக்காரர், நாங்கள் அவருக்குக் கையாள். இழை அறுந்தால் திட்டு. கார்த்திகையில் மட்டும் அவர் எங்கள் விளையாட்டுக்குக் கையாளாக வந்தார்.

கையாள் என்று சும்மா சொல்லவில்லை. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்று வரும் கோர்வைப் புடவையில் கரை நாடாவைத் தள்ளித் தர இன்னொருவர் வேண்டும். காஞ்சிபுரம் வட்டாரத்துப் பட்டுத் தறிகளில் அந்த இன்னொருவர் பெரும்பாலும் ஒரு சிறுவனோ சிறுமியோதான். இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. பிரான்சில் பட்டுக்குப் பேர்போன லியோன் நகரிலும் பூவேலைத் தறியில் கயிறு இழுக்கப் பிள்ளைகளை உட்கார வைத்தார்கள். அந்த ஊர்க்காரரான ஜக்கார்டு 1804-இல் தன் கருவியைக் கொண்டுவந்த பிறகுதான் அந்த வேலை ஒழிந்தது. நம்மிடம் ஜக்கார்டு பெட்டி வந்த பின்னும் கரை நாடாப் பிள்ளை இருந்தான்.

1956-இல் காமராஜர் ஆட்சியில் வந்த மதிய உணவும், 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும் தறியடியிலிருந்த பிள்ளைகளைப் பள்ளிப் பக்கம் இழுத்தன. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. ஆனால் வீட்டுத் தறி அதற்குள் சிக்கவில்லை. 2010-இல் கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2016 திருத்தம் 14 வயதுக்கு உட்பட்டவர்களை வேலைக்கு வைப்பதையே தடுத்தது. பள்ளி நேரத்துக்குப் பிறகு குடும்பத் தொழிலில் உதவலாம் என்ற விலக்கு மட்டும் அதில் இருக்கிறது. என் தெருவில் இன்று தறிக்குப் பக்கத்தில் பிள்ளைகள் உட்கார்ந்து நான் பார்ப்பதில்லை. இதைவிட நல்ல செய்தி எங்கள் தெருவுக்கு வேறில்லை. ஆகவே "அந்தக் காலம் போல வருமா" என்று பெருமூச்சு விட எனக்கு விருப்பமில்லை. அந்தக் கார்த்திகை ஓய்வுக்குப் பின்னால் கடன் இருந்தது.

ஆனால் பிள்ளைகள் தறியை விட்டுப் போனபோது மாவலியும் கூடவே போய்விட்டது. ஏரிக்கரைப் பனைகள் செங்கல் சூளைக்குப் போயின. பனை தமிழ்நாட்டின் மாநில மரம் என்பது பாடப் புத்தகத்தில் நின்றுவிட்டது. 2021-இல் வந்த முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அறிவித்தார்கள். பனை மீது அக்கறை கொண்ட இளைஞர்கள் சில ஆண்டுகளாகக் கார்த்திகை சமயத்தில் மாவலி செய்து விற்கிறார்கள். அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். இருந்தாலும் கடையில் வாங்கிய மாவலி பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். எங்களுக்கு அது ஐந்து நாள் நீடித்தது. அதில் நாலரை நாள் பொறுக்குவதும் காய வைப்பதும் இடிப்பதும்தான்.

இன்றைய அப்பாக்களுக்குப் பருவமழையால் வேலை நிற்பதில்லை. தொலைபேசியில் வேலை வீட்டுக்கே வந்துவிடுகிறது. மழை தானாகக் கொடுத்த பொழுதை அவர்கள் தாங்களாக ஒதுக்க வேண்டும். முடியாவிட்டால் ஓய்வுபெற்ற நாம் இருக்கிறோம். தீபத்துக்கு ஒரு வாரம் முன்பே பேரப்பிள்ளைகளை ஏரிக்கரைக்கு அழைத்துப் போங்கள். ஆண் பனை எது, பெண் பனை எது என்று காட்டுங்கள். காய்ந்த கதிரைப் பொறுக்கச் சொல்லுங்கள். தீ மூட்டுவதும் மூடுவதும் உங்கள் கையில் இருக்கட்டும். இடிப்பதை அவர்களிடம் விட்டுவிடுங்கள். சுற்றும்போது பருத்திச் சட்டை, திறந்த மைதானம், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். முடிச்சை மட்டும் ஒரு முறைக்கு இரு முறை இழுத்துப் பார்த்துக் கொடுங்கள்.