விந்தியப் பாறைகளின் இரு கண்டுபிடிப்புகள்: சான்றின் அணுகலும் அறிவியலின் திருத்தமும்

அறிவியல் தன் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் என்பது பாடநூல் முதல் மேடைப்பேச்சு வரை அடிபடும் கூற்று. பொய்யான கூற்று அல்ல, ஆனால் அரைகுறையானது. திருத்துபவர் யார், எதைக் கையில் வைத்துத் திருத்துகிறார், அதற்கு எவ்வளவு காலம் பிடிக்கிறது என்ற கேள்விகள் அதில் மறைந்துவிடுகின்றன. ஒரு கண்டுபிடிப்பு நிலைப்பதையும் விழுவதையும் முடிவு செய்வதில் அறிவித்தவரின் புகழுக்கோ வெளியிட்ட இதழின் மதிப்புக்கோ பெரிய பங்கில்லை; சான்றுப்பொருள் பிறர் கைக்கு எட்டுகிறதா என்பதற்கே முதன்மையான பங்கு உண்டு என்பது இக்கட்டுரையின் வாதம். மத்திய இந்தியாவின் விந்தியப் படுகையிலிருந்து வந்த இரு அறிவிப்புகள் இதற்கு முதன்மைச் சான்று. மீக்கடத்தி ஆய்வில் அண்மையில் எழுந்த இரு சர்ச்சைகள் ஒப்பீட்டுக்கு உதவுகின்றன.

பீம்பேட்காவின் கூரை

போபாலுக்கு அருகிலுள்ள பீம்பேட்கா, தொல்மாந்தரின் பாறை ஓவியங்களுக்காக 2003இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடம். அங்குள்ள ‘ஆடிட்டோரியம்’ குகையின் கூரையில் நீள்வட்ட வடிவில் ஒரு பதிவு இருந்தது. நடுவே ஒரு தண்டு, அதன் இருபுறமும் விலா எலும்புகளைப் போல விரியும் கோடுகள். ஒரிகன் பல்கலைக்கழகத்தின் கிரிகரி ரெட்டலாக்கும் உடன் ஆய்வாளர்களும் இதை டிக்கின்சோனியா என்று அடையாளம் கண்டு, ‘கோண்ட்வானா ரிசர்ச்’ ஆய்விதழில் 2021இல் வெளியிட்டனர். டிக்கின்சோனியா சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் வாழ்ந்த உயிரினம். ரஷ்யாவின் வெண்கடல் கரையில் கிடைத்த அதன் படிவங்களில் கொலஸ்டிரால் வகை மூலக்கூறுகளின் எச்சம் இருப்பது 2018இல் தெரியவந்த பிறகு, அது விலங்கு என்ற கருத்து வலுப்பெற்றது.

அடையாளம் சரியென்றால் இந்திய நிலவியலில் ஒரு பழைய வழக்கு முடிந்திருக்கும். மேல் விந்தியப் பாறைகள் 55 கோடி ஆண்டுப் பழமையானவை என்று ஒரு தரப்பும், 100 கோடி ஆண்டைத் தொடுபவை என்று மறு தரப்பும் நெடுங்காலமாக வாதிட்டு வந்தன. மணற்பாறையில் படிந்த சிர்க்கான் மணிகளின் வயதையும் பாறையில் பதிந்த தொல்காந்தத் திசையையும் வைத்து இரண்டாம் முடிவுக்கு வந்தவர்களில் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் ஜோசப் மீர்ட் ஒருவர். அவரது குழு 2022 டிசம்பரில் குகைக்கே நேரில் சென்றது.

2020இல் படமெடுக்கப்பட்டபோது முழுமையாக இருந்த பதிவு இப்போது சிதைந்து, பாறையை விட்டு உரிந்துகொண்டிருந்தது. கல்லில் பதிந்த படிவம் இரண்டே ஆண்டில் இப்படி உதிராது. அதே பாறைகளில் மலைத்தேனீக்கள் கட்டிய பெரிய அடைகளும், தேனீக்கள் விட்டுப்போன பின் ஒட்டிக்கொண்டிருக்கும் மெழுகுத் தடங்களும் சிதைவின் வெவ்வேறு நிலைகளில் காணப்பட்டன. டிக்கின்சோனியா என்று கருதப்பட்டதும் அப்படி ஒரு தேனடையின் மிச்சமே. 2023இல் இந்த மறுப்பு அதே ஆய்விதழில் வெளிவந்தது. ரெட்டலாக் மழுப்பாமல் அதை ஏற்றுக்கொண்டார்.

முதல் குழுவிடம் நிபுணத்துவக் குறைவு இல்லை. கட்டுரையும் முறையான மதிப்பீட்டைக் கடந்தே வந்தது. ஆனால் அடையாளம் வடிவத்தை மட்டுமே நம்பியிருந்தது. மதிப்பீட்டாளர்கள் கண்டது படங்களையும் வாதத்தையும்தானே தவிர, குகையின் கூரையை அல்ல. பிழை வெளிப்பட்டதற்குக் காரணம், யாரும் சென்று அண்ணாந்து பார்க்கக்கூடிய பொது இடத்தில் சான்று இருந்தது. தனியார் சேகரிப்பில் பூட்டப்பட்ட ஒரு கற்பலகையாக அது இருந்திருந்தால், விந்தியப் பாறைகளின் வயது இன்னும் பல ஆண்டுகள் மெழுகின் மேல் நின்றிருக்கும்.

சித்ரகூடத்தின் பாஸ்பேட் பாறை

மறுபடி சென்று பார்ப்பது மறுப்பதற்கு மட்டுமே உதவும் என்று நினைக்க வேண்டாம். டேராடூன் வாடியா நிறுவனத்தைச் சேர்ந்த ரஃபத் அஸ்மி, கீழ் விந்தியப் பாறைகளில் கேம்பிரியன் காலத்துச் சிறு ஓட்டுயிரிகளின் படிவங்களைக் கண்டதாக 1998இல் எழுதினார். அப்படியானால் அப்பாறைகளின் வயது சுமார் 54 கோடி ஆண்டு. 2002இல் எரிமலைச் சாம்பல் அடுக்குகளின் சிர்க்கான் மணிகளை அளந்த இரு குழுக்கள் சுமார் 160 கோடி ஆண்டு என்றன. நூறு கோடி ஆண்டு இடைவெளியை எந்தச் சமாதானத்தாலும் மூட முடியாது. அஸ்மியின் படிவங்கள் மெய்யானவைதானா என்ற ஐயமே எழுந்தது.

ஸ்வீடன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஸ்டெஃபன் பெங்ட்சன் தலைமையிலான குழு கீழ் விந்தியப் பாறைகள் வெளித்தெரியும் சித்ரகூடத்தில் புதிதாக மாதிரி எடுத்தது. படிவங்கள் அங்கே இருந்தன. படிவம் ஒரு பாறையில், வயதளவீடு வேறொரு பாறையில் என்ற பழைய சிக்கலுக்கு இடம் வைக்காமல், படிவங்களைத் தாங்கிய பாஸ்பேட் பாறையையே ஈய ஐசோடோப்புகளைக் கொண்டு அளந்தனர். கிடைத்த வயது சுமார் 165 கோடி ஆண்டு. 2009இல் வெளியான இம்முடிவின்படி, படிவங்கள் உண்டு என்பதில் அஸ்மி சொன்னது சரி. காலத்தைப் பற்றி அவர் சொன்னது தவறு. கருமுட்டை போலத் தோன்றிய உருண்டைகள் உயிரினங்களே அல்ல, நுண்ணுயிர்ப் படலத்தில் சிக்கிய வளிக்குமிழிகளின் தடங்கள் என்பதும் தெரிந்தது.

அதே குழு, சிங்க்ரோட்ரான் எக்ஸ் கதிர்களால் அப்பாறையிலுள்ள இழை வடிவப் படிவங்களின் உட்புற அமைப்பை ஆராய்ந்து, அவை செம்பாசிகளாக இருக்கலாம் என்று 2017இல் முன்வைத்தது. இவ்விளக்கம் இன்னும் விவாதத்துக்குரியதே. அவற்றுள் ஓர் இனத்துக்கு அவர்கள் இட்ட பெயர் ரஃபதாஸ்மியா சித்ரகூடென்சிஸ். காலக்கணக்கில் தவறியவரின் பெயரையே அந்த இனம் தாங்குகிறது. மறுபரிசோதனை ஓர் அறிவிப்பை மொத்தமாக ஏற்கவோ தள்ளவோ செய்வதில்லை. அதில் நிற்பது எது, நிற்காதது எது என்று பகுத்துத் தருகிறது.

மீக்கடத்திகள்: திறந்த செய்முறையும் திறக்காத தரவும்

2023 ஜூலையில் சியோலைச் சேர்ந்த ஒரு குழு, எல்கே-99 என்ற பொருள் அறை வெப்பநிலையிலேயே மின்தடையின்றி மின்சாரத்தைக் கடத்தும் மீக்கடத்தி என்று முன்னச்சு வெளியிட்டது. செய்முறை முழுவதும் அதில் இருந்தது. தில்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகம் உட்படப் பல ஆய்வகங்கள் உடனே அதைச் செய்து பார்த்தன. மின்தடை திடீரெனச் சரிந்த வெப்பநிலை ஏறத்தாழ 104 டிகிரி செல்சியஸ். மாதிரியில் கலந்திருந்த தாமிர சல்பைடு அதே வெப்பநிலையில்தான் தன் கட்டமைப்பை மாற்றிக்கொள்கிறது. கலப்பில்லாத படிகத்தை வளர்த்துப் பார்த்த ஜெர்மன் குழுவுக்குக் கிடைத்ததோ ஒரு மின்காப்புப் பொருள். ஒரு மாதத்துக்குள் விவகாரம் முடிந்தது.

ரோசெஸ்டர் பல்கலைக்கழகக் குழு 2020இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட மீக்கடத்தி அறிவிப்பின் கதை வேறு. வைர முனைகளுக்கிடையே கடும் அழுத்தத்தில் அகப்பட்ட நுண்ணிய மாதிரி அது. மூலத்தரவைக் கேட்ட பிற ஆய்வாளர்கள் நெடுநாள் காத்திருக்க நேர்ந்தது. அக்கட்டுரை 2022 செப்டம்பரில்தான் திரும்பப் பெறப்பட்டது. அதே குழுவின் அடுத்த அறிவிப்பு 2023 மார்ச்சில் வந்து, நவம்பரில் அதுவும் திரும்பப் பெறப்பட்டது.

ஒரு மறுப்பும் விடையும்

எல்லாச் சான்றும் திரும்பச் சென்று பார்க்கக்கூடியது அல்லவே என்று கேட்கலாம். 2015 செப்டம்பரில் ஈர்ப்பலைகளைத் தேடும் லைகோ கருவிகள் பதிவுசெய்த ஈர்ப்பலை ஒருமுறை கடந்து போனது போனதுதான். ஆனால் சுமார் 3,000 கிலோமீட்டர் இடைவெளியில் இருந்த இரு கருவிகள் அதை உணர்ந்தன; தரவும் பொதுவில் வைக்கப்பட்டது. அதனால்தான் 2017இல் கோபன்ஹேகன் குழு ஒன்று, இரைச்சலைக் கையாண்ட முறையில் குறை உண்டு என்று அத்தரவைக் கொண்டே வாதிட முடிந்தது. அத்தரவைக் கொண்டே மற்றவர்கள் விடையளிக்கவும் முடிந்தது. நிகழ்வைத் திரும்ப நிகழ்த்த முடியாத இடத்தில் தரவே பாறையின் இடத்தை எடுத்துக்கொள்கிறது.

ஆகவே திருத்தம் அறிவியலின் இயல்பில் தானாக ஊறி வருவது அல்ல. ஏற்பாடு செய்தால் மட்டுமே கிடைப்பது. மாதிரி எந்த அருங்காட்சியகத்தில் எந்த எண்ணில் வைக்கப்பட்டுள்ளது, மூலத்தரவு எங்கே கிடைக்கும் என்ற இரண்டு வரிகளை ஆய்விதழ்கள் கட்டாயமாக்க வேண்டும். முதல் பயணத்துக்கு நிதி தரும் அமைப்புகள், இன்னொருவர் அதே இடத்துக்குச் செல்லும் இரண்டாம் பயணத்துக்கும் ஒரு பங்கை ஒதுக்க வேண்டும். இந்த ஏற்பாடு இல்லாத அறிவிப்பு, எந்த இதழில் வந்திருந்தாலும், கருதுகோளாகவே எண்ணப்பட வேண்டும்.